உங்களுக்குத் தெரியுமா? பிரேக் பேடும் ஜெர்மன் காரும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களில் ஃபோக்ஸ்வாகனின் போலோ, வென்டோ, பழைய பி.எம்.டபிள்யூ. என்று ஜெர்மன் கார்களை இப்போது பார்க்க முடிகிறது. பல கார்கள் கைமாறி வந்தவை. ஆலங்குளத்தில் அப்படியொரு காரை வைத்திருப்பவர், பிரேக் பேட் மாற்றுவதற்காக மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய் ஒரு நாளைக் கழித்துவிட்டு வருகிறார். முன்சக்கரத்துப் பேடுகளை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ள முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். எல்லாக் காருக்கும் இது பொருந்தாது, எல்லாச் சக்கரத்துக்கும் பொருந்தாது. எங்கே கை வைக்கக் கூடாது என்பதும் கூடவே வருகிறது.

★ செருப்புத் தோலில் தொடங்கியது

ஜெர்மன் காருக்கு நடுவழியில் பிரேக் பேட் போட வைத்தவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே, மகன்கள் ஓய்கன், ரிச்சர்ட் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை. இறக்கங்களில் அழுத்தி அழுத்தி மரக்கட்டை பிரேக் தேய்ந்துவிட்டது. பௌஷ்லாட் என்ற ஊரில் செருப்பு தைப்பவர் ஒருவரைப் பிடித்து, கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். தேய்கிற பொருள் தனி, அதைத் தாங்குகிற கட்டை தனி. தேய்ந்ததை மட்டும் மாற்றினால் போதும். இன்றைய பேடும் இதே ஏற்பாடுதான்: பின்னால் இரும்புத் தகடு, முன்னால் தேய்கிற கலவை. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்ததும் பெர்த்தாதான்.

★ 1902

டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர். அவர் வைத்த செம்புப் பேடு இரும்பு டிஸ்க்கோடு உரசியதில் காது கூசுகிற சத்தம் வந்தது, யாரும் விரும்பவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

★ நம் மாவட்டத்திலேயே செய்கிறார்கள்

பிரேக் லைனிங் என்றதும் ஜெர்மனி, ஜப்பான் என்று மனம் ஓடுகிறது. விருதுநகர் மாவட்டம் முஷ்டக்குறிச்சி அருகே டி.எஸ்.கே.புரத்தில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆலை இருக்கிறது. 1974-ல் தொடங்கிய நிறுவனம். சென்னை பாடியிலும் ஆலை உண்டு. மதுரையில் வேரூன்றி வளர்ந்த டி.வி.எஸ். குடும்பத்தின் கிளை இது. அதே பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. பழைய மெக்கானிக்குகள் இன்றும் ‘கிர்லிங்’ என்று சொல்கிற பிரேக் சாமான்கள் அங்கிருந்து வந்தவை. ரானே பிரேக் லைனிங் 1964-ல் வந்தது. லாரி, பஸ், கார் என்று நாட்டின் வண்டிகளை நிறுத்துகிற வேலையில் தமிழ்நாட்டுக்கு அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கைப்பழக்கம் இருக்கிறது. ஆகவே பேடை வெளிநாட்டு மர்மமாகப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஜெர்மன் கார் என்பதிலும் கொஞ்சம் நம் ஊர் உண்டு. பி.எம்.டபிள்யூ.வின் இந்திய ஆலை 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் இயங்குகிறது. போலோ 2022 வரை புனே அருகே சாக்கனில் உருவானது.

★ கொல்லம் முந்திரி உங்கள் பிரேக்கில்

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 கொல்லத்தில் முடிகிறது. கொல்லம் முந்திரிப்பருப்புக்குப் பேர்போன ஊர். பருப்பை எடுத்த பிறகு எஞ்சும் ஓட்டில், கையில் பட்டால் தோலைப் பொசுக்குகிற ஒரு எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயைப் பக்குவப்படுத்தி, கெட்டியாக்கி, பொடித்து, பிரேக் பேடுக் கலவையில் சேர்க்கிறார்கள். சூட்டில் உருகாமல், கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து, உரசலைச் சீராக வைத்திருப்பது அந்தப் பொடியின் வேலை. சத்தத்தையும் குறைக்கிறது. ஜெர்மன் பெயர் அச்சடித்த டப்பாவுக்குள்ளும் முந்திரி ஓட்டின் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம்.

★ சிவகாசிக்கும் பேடுக்கும் பொதுவான பொருள்

பச்சை நிற மத்தாப்புக்குப் பேரியம் உப்பு வேண்டும். பேடுக் கலவையில் எடைக்காகவும் சூடு தாங்கவும் சேர்க்கிற கனத்த வெள்ளைப் பொடி பேரைட். அதுவும் பேரியச் சேர்மம்தான். ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் மங்கம்பேட்டையில் உள்ள பேரைட் சுரங்கம் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. இவற்றோடு கிராஃபைட், இரும்புத் தூள், பிசின், நார் என்று பத்துப் பதினைந்து பொருள்களாவது ஒரு பேடில் சேரும். விகிதம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ரகசியம்.

★ ஒரு நிறுத்தம், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வெந்நீர்

1,100 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வந்து ஒரேயடியாக நின்றால், பிரேக்கில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 2,70,000 ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 900 மில்லி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். இந்த வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு வருகிறது, ஏனென்றால் பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் பேடுகள் முதலில் தீர்ந்துபோவதற்குக் காரணம் இதுவே.

கொல்லம் சாலையின் ஆரியங்காவு இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் பேடை எரிக்கிறார்கள். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பேடு அளவுக்கு மேல் சூடேறினால் அதன் பிசினிலிருந்து வாயு கிளம்பும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் பிடிப்பு குறையும். மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

★ பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்கும்

நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது உண்மையில் எண்ணெய் வகை கிடையாது. அது கிளைகால் சேர்ந்த திரவம்; காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும், ஆவி அமுங்கும், மிதி தரையைத் தொடும். ஜெர்மன் கம்பெனிகள் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காக. கிலோமீட்டரைப் பார்க்காமல் காலண்டரைப் பாருங்கள். திறந்து வைத்த பாட்டிலைப் பரணில் ஏற்றிவைத்து அடுத்த வருடம் ஊற்றவே கூடாது.

காரின் பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உரிந்துவரும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

★ எந்தக் காரில் கை வைக்கலாம்?

இந்தியாவில் விற்ற போலோ, வென்டோ கார்களில் முன்னால் டிஸ்க். பின்னால் பெரும்பாலும் டிரம். முன் டிஸ்க் பேடு மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை.

பின்சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால் கவனம். பேடுகளை டிஸ்க்கோடு கவ்விப் பிடிப்பது காலிப்பர், அதற்குள்ளிருந்து பேடைத் தள்ளுவது பிஸ்டன். ஹேண்ட் பிரேக் கேபிள் காலிப்பரிலேயே சேரும் வகையில், பிஸ்டனை நேராக அழுத்தினால் உள்ளே போகாது. அதற்கென்று உள்ள கருவியால் திருகிக்கொண்டே தள்ள வேண்டும். நெம்பினால் உள்ளிருக்கும் பொறி உடையும். லீவருக்குப் பதில் பட்டன் வைத்த எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் என்றால், ஸ்கேனர் கருவியை மாட்டி, மோட்டாரை ‘சர்வீஸ் மோடு’க்குப் பின்னிழுக்கச் சொன்ன பிறகே தொட வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒரே ஒரு வகை வண்டியில் முன்சக்கரத்தையும் தொடாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெர்சிடிஸ் 2001-ல் எஸ்.எல். காரிலும், 2002-ல் ஈ-கிளாஸிலும் சென்சோட்ரானிக் என்ற மின்னணு பிரேக்கைக் கொண்டுவந்தது. கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அழுத்தினாலோ பிரேக் தானாகவே அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். நீங்கள் காலிப்பருக்குள் விரலை விட்டிருக்கும் நேரத்தில் வீட்டில் யாரோ காரைத் திறந்தால் விரல் போய்விடும். அந்தக் காலத்து ஈ-கிளாஸைப் பழைய கார் சந்தையில் வாங்கியவர்கள், சிஸ்டத்தை முடக்கத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில்தான் பேடு மாற்ற வேண்டும்.

★ நட்டு இல்லை, போல்ட்

மாருதியிலும் ஹூண்டாயிலும் சக்கரத்தைக் கழற்றினால் ஹப்பில் ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதில் தொங்கவிட்டு நட்டைப் போடலாம். ஜெர்மன் கார்களில் அது கிடையாது. வெளியிலிருந்து போல்ட் போய் ஹப்பில் இறங்கும். கனத்த சக்கரத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு துளையைச் சேர்க்கப் படாத பாடு படுவார்கள். அதே மரையுள்ள நீளக் கம்பி ஒன்றை மேல் துளையில் திருகி வைத்துவிட்டால், சக்கரத்தை அதன் மேல் மாட்டி, மற்ற போல்ட்டுகளைப் போட்டபின் கம்பியைக் கழற்றிக்கொள்ளலாம். காலிப்பரைப் பிடித்திருக்கும் முளைகளுக்கு 7 மில்லிமீட்டர் எல் கீ வேண்டும். சாதாரண எல் கீ செட்டில் 6-க்குப் பிறகு நேராக 8 இருக்கும், 7 இருக்காது. கழற்றத் தொடங்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

★ கரிசல் மண்ணும் ஜாக்கியும்

ஆலங்குளம், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரம் பட்டால் கால் புதையும். மேலே கெட்டியாகத் தெரியும் தரையில் ஜாக்கி ஒரு பக்கமாக இறங்கிவிடும். சிமெண்டுத் தளம் இருந்தால் அங்கே செய்யுங்கள். இல்லையென்றால் அகலமான கனத்த பலகையின் மேல் ஜாக்கி நிற்கட்டும். பாறாங்கல்லைவிடக் கட்டையை நம்பலாம்: பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், முதல் கியரில் விடுங்கள். தூக்கிய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்குவது பேடு வாங்குவதற்கு முந்திய செலவு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்தில் நொறுங்கும், அவற்றை வைக்கவே வேண்டாம். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் கார் அதன் மேல்தான் உட்காரும்.

பிரேக் வேலையில் உயிருக்கு ஆபத்து வருவதென்றால் பேடை விடவும் இந்த இடத்தில்தான் முதலில் வருகிறது. அதனால்தான் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

★ வேலை வரிசை

கார் தரையில் இருக்கும்போதே சக்கர போல்ட்டுகளை லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் கார் ஆடும். சக்கரம் வந்ததும் ஸ்டியரிங்கை வெளிப்பக்கமாகத் திருப்பினால் காலிப்பர் உங்கள் முகத்துக்கு நேராக வரும்.

வெளியில் தெரியும் கம்பி ஸ்பிரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் எடுக்கும்போது அது தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்பக்கம் இரண்டு ரப்பர் மூடிகள், அவற்றுக்குள் இரண்டு முளைகள். 7 எண் எல் கீயால் கழற்றினால் காலிப்பர் கையோடு வரும். இந்த இடத்தில்தான் பலர் அதை அப்படியே தொங்கவிட்டுவிடுகிறார்கள். பிரேக் ஹோஸ் பாரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. உள்ளே அறுந்தால் வெளியில் தெரியாது. ஒரு கட்டுக்கம்பியால் காலிப்பரை மேலே காயில் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள்.

பழைய பேடுகளை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பேடு தீர்ந்து வெளிப்பேடு தடிமனாக இருந்தால், காலிப்பர் முளையில் சிக்கிக்கொண்டு நகரவில்லை என்று பொருள். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் போகிற ரோட்டில் தினமும் ஓடும் காருக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் தூசி நேராக முளைக்குப் போகும். ஆலங்குளத்தில் 1970 முதல் அரசு சிமெண்ட் ஆலை இருக்கிறது, அந்தத் தூசி எப்படி ஒட்டும் என்று ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். முளையைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். பல ஜெர்மன் காலிப்பர்களில் அது உலர்ந்தே இருக்க வேண்டும். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போய் இன்னும் இறுகும்.

பேடு உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு நீக்குங்கள். அடுத்தது பிஸ்டனை உள்ளே தள்ளுவது. பழைய பேடையே பிஸ்டன் மேல் வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாக, மிக மெதுவாக இறுக்குங்கள். அதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பியைப் பார்த்துவிட வேண்டும். விளிம்பு வரை இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பொங்கி வழியும்.

புதுப் பேடில், உள்பக்கத்துக்கானதில் மூன்று விரல் போன்ற கிளிப் இருக்கும். அது பிஸ்டனுக்குள் அமரும். சில ஃபோக்ஸ்வாகன் பேடுகளில் வெளிப்பேடின் முதுகில் ஒட்டும் படலம் உண்டு. மேல் தாளை உரித்துவிட்டு மாட்ட வேண்டும். அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைப் பார்க்கட்டும். தேய்கிற முகத்தில் விரல் எண்ணெய்கூடப் படாமல் இருப்பது நல்லது. முளைகளுக்குப் பொதுவாக 30 நியூட்டன் மீட்டர், சக்கர போல்ட்டுக்கு ஃபோக்ஸ்வாகனில் 120 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் ஒன்று இரவல் கிடைத்தாலும் போதும். பி.எம்.டபிள்யூ.வில் மாடலுக்கு மாடல் அளவு மாறும், உங்கள் கார்ப் புத்தகத்தைப் பாருங்கள்.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். எதை எப்படி மாட்டுவது என்று சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கம் சொல்லிக்கொடுக்கும். ஆனால் இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

★ ஸ்பிரிங் இல்லாமல் பின்வாங்கும் பிஸ்டன்

மிதியை விட்டதும் பேடு டிஸ்க்கை விட்டு விலகுகிறதே, இழுப்பது எது? பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னால் போகும்போது அந்த ரப்பர் அதோடு சாய்கிறது. அழுத்தம் போனதும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னால் இழுக்கிறது. பேடு தேயத் தேயப் பிஸ்டன் ரப்பரைத் தாண்டி வழுக்கி முன்னேறிப் புது இடத்தில் நின்றுகொள்கிறது. டிஸ்க் பிரேக்கை யாரும் அட்ஜஸ்ட் செய்யத் தேவையில்லாமல் போனது இந்த ஒரு வளையத்தால்.

★ ஆயில் குறைந்தால் ஊற்றாதீர்கள்

பிஸ்டன் முன்னேறினால் அதன் பின்னால் இடம் விழும். டப்பியிலிருந்து ஆயில் அங்கே இறங்கும். ஆகவே அளவு மெதுவாகக் குறைவது பேடு தேய்வதன் அடையாளம். பேடைப் பார்க்காமல் ஊற்றி நிரப்பிவிட்டால் அந்த அடையாளத்தை அழித்துவிடுகிறீர்கள். திடீரென்று குறைந்தால் அது கசிவு. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

★ எத்தனை மில்லிமீட்டர்?

தகட்டைச் சேர்க்காமல், தேய்கிற பகுதி 2 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். நம் ஊரிலிருந்து மலைப்பாதை அடிக்கடி போகிறவர்கள் 3, 4 இருக்கும்போதே மாற்றிவிடுவது என் கட்சி. டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். 22 மில்லிமீட்டர் ஃபோக்ஸ்வாகன் டிஸ்க்குக்கு அது 19. அதற்குக் கீழே போன டிஸ்க்கை லேத்தில் கொடுத்து முகம் சீவிப் போடுவது ஆபத்து.

மழைக்கு மறுநாள் காலையில் டிஸ்க் முழுக்கச் செந்துரு படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது வார்ப்பிரும்பின் இயல்பு. நாலு முறை பிரேக் போட்டால் போய்விடும்.

★ அறுந்தால்தான் பேசும் கம்பி

ஜப்பான் கார்களின் பேடில் சிறு தகரநாக்கு இருக்கும். பேடு தீரும்போது டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிடும். ஜெர்மானியர்கள் மின்கம்பி வைத்தார்கள். பேடுக்குள் புதைந்த அந்தக் கம்பியை, பேடு தீரும்போது டிஸ்க் தேய்த்து அறுக்கிறது. டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. பி.எம்.டபிள்யூ.வில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் இரண்டே சென்சார்: முன் இடது, பின் வலது. மற்ற இரண்டு சக்கரத்தில் பேடு முன்கூட்டியே தீர்ந்தால் விளக்கு எரியாது. விளக்கை மட்டும் நம்பாமல் அவ்வப்போது டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அறுந்த சென்சாரை முடிச்சுப் போட்டு ஒட்டுவது வேண்டாம், பேடோடு சேர்த்துப் புதிது வாங்குங்கள்.

★ பேடின் முதுகில் ஒரு ஜாதகம்

பழைய பேடைத் திருப்பிப் பாருங்கள். வரிசையாக எழுத்துகளும் எண்களும் இருக்கும். அவற்றில் எஃப் எஃப், ஜி எஃப், ஈ எஃப் என்பது போல இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வந்தால், முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உரசல் எவ்வளவு என்பதைச் சொல்கிறது; இரண்டாவது எழுத்து கடுஞ்சூட்டில் எவ்வளவு என்பதை. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. மலையிறக்கத்துக்கு இரண்டாவது எழுத்துதான் முக்கியம். முதல் எழுத்தைவிட அது தாழ்ந்திருந்தால், சூடானதும் பிடிப்பு குறையும் என்று அந்தப் பேடே ஒப்புக்கொள்கிறது.

வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் அது ஐரோப்பிய அங்கீகாரம். எண் 1 ஜெர்மனி, 11 பிரிட்டன். பக்கத்தில் 90 ஆர் என்றிருந்தால், கம்பெனியின் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் வேறுபடாமல் நிறுத்தும் என்று சோதித்திருக்கிறார்கள். எந்தக் குறியும் இல்லாத மலிவுப் பேடை, எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

★ ஊதாதீர்கள்

காலிப்பரில் படிந்த கருந்தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் பரவலாக இருக்கிறது. அந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். பல பத்தாண்டுகள் பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் நார் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரும். ஜெர்மனி 1993-லும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-லும் அதைத் தடை செய்தன. பெயர் தெரியாத பழைய பேடில் என்ன இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பேடின் தூசியும் நல்லதல்ல: ஐரோப்பாவின் யூரோ 7 விதி, புகைக்குழாய்ப் புகைக்கு மட்டுமல்லாமல் பிரேக் தூசிக்கும் முதன்முறையாக வரம்பு வைத்திருக்கிறது. ஈரத்துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள், துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பக்கத்தில் பிள்ளைகளை நிற்க வைக்காதீர்கள்.

★ முதல் மிதி

எல்லாம் மாட்டி, சக்கரம் போட்டு, ஜாக்கியை இறக்கியாகிவிட்டது. சாவியைப் போட்டு ஒரு சுற்று போய்வரலாம் என்று தோன்றும். நில்லுங்கள். பிஸ்டனை நீங்கள் முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறீர்கள். அது இன்னும் பேடைத் தொடவில்லை. முதல் மிதி ஒன்றுமே இல்லாமல் தரைவரை போகும். கார் நின்ற இடத்திலேயே, மெதுவாக, மிதி கெட்டிப்படும் வரை திரும்பத் திரும்ப அழுத்துங்கள். பிறகு ஆயில் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலை விட்டு நகரும் முன் இதைச் செய்ய மறந்தால், எதிர்வீட்டுச் சுவர்தான் காரை நிறுத்தும். காலிப்பர் கழற்றியிருக்கும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் மிதியைத் தொடக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. தொட்டால் பிஸ்டன் வெளியே வந்து விழும், அத்தோடு வேலை உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

மிதி கெட்டிப்படாமல் பஞ்சாகவே இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுக்கத் தெரிந்தவரை வீட்டுக்கே வரவழையுங்கள். அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

★ முதல் 200 கிலோமீட்டர்

புதுப் பேடின் முகம் டிஸ்க்கின் முகத்தோடு இன்னும் சேர்ந்திருக்காது. முதல் 200 கிலோமீட்டருக்கு அவசியமில்லாமல் அழுத்தி பிரேக் போட வேண்டாம். 60-லிருந்து 20-க்கு மெதுவாகக் குறைத்து, கொஞ்சம் ஓடவிட்டு ஆறவைத்து, மறுபடி குறைத்து, இப்படிப் பழக்குங்கள். ராஜபாளையத்திலிருந்து புளியங்குடி வரை உள்ள சமதளம் இதற்கு நல்லது. பேடு மாற்றிய வாரமே குடும்பத்தோடு கொல்லத்துக்கு மலையிறங்கத் திட்டமிருந்தால், ஒன்று பயணத்தைத் தள்ளுங்கள், இல்லை பேடை முன்னதாகவே மாற்றுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர போல்ட்டுகளை ஒருமுறை ரெஞ்சால் சரிபாருங்கள்.

★ பெயர்ப்பலகையில் பென்ஸ்

1954-ல் டாடாவும் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து இந்தியாவில் லாரி செய்யத் தொடங்கின. 1969 வரை அந்த உடன்படிக்கை நீடித்தது. ஆக, நம் சாலைகளில் ஜெர்மன் வண்டியின் பிரேக்கைக் கழற்றி, தேய்ந்த லைனிங்கை எடுத்து, புதிதை ரிவெட் அடித்து மாட்டும் வேலை போலோ வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்திருக்கிறது.

★ மறுபடியும் டிரம்

ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் கார் ஐ.டி.4-ல் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக். மின்சாரக் காரில் வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே பிடித்துக் குறைத்து, பேட்டரிக்கு மின்சாரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிரேக்குக்கு வேலை குறைவு. வேலையில்லாத டிஸ்க் திறந்த வெளியில் துருப்பிடிக்கும். மூடிய டிரம்முக்குள் துரு குறைவு, தூசியும் வெளியே பறக்காது. முன்சக்கரத்தில் டிஸ்க்கும் பேடும் அப்படியே இருக்கின்றன.